ஆறாம் வகுப்பை வைத்து அழையுங்கள்: வடசென்னையில் பள்ளிச் சந்திப்பு நடத்த நினைப்பவர்களுக்கு

பழைய பள்ளியில் ஒரு நாள் கூடலாம் என்று பேச்சு எழுந்த அன்றே யாராவது ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, அதற்கு "பத்தாம் வகுப்பு செட்" என்று பெயர் வைத்துவிடுவார்கள். அங்கேயே வேலை கோணலாகிவிடுகிறது. வடசென்னையின் மாநகராட்சிப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ ஆறாம் வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பத்தாம் வகுப்பு வரை வந்ததில்லை. எட்டாவதோடு காசிமேட்டில் படகேறியவர்கள், அப்பாவுக்குப் பதிலாக மூட்டை தூக்கப் போனவர்கள், வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்ட பெண்கள், ஒன்பதில் தேர்ச்சி பெறாமல் கீழ் செட்டில் போய்ச் சேர்ந்தவர்கள் என்று பாதி வகுப்பு வழியிலேயே பிரிந்திருக்கும். முடித்த ஆண்டை வைத்துக் கணக்கெடுத்தால் இவர்கள் யாரும் பட்டியலில் வரமாட்டார்கள். பிறகு யாராவது நினைவுபடுத்திக் கூப்பிட்டாலும், "நான்தான் பத்தாவதே படிக்கலையே, நான் எதுக்கு?" என்று ஒதுங்கிக்கொள்வார்கள்.

அதனால் சேர்ந்த ஆண்டை வையுங்கள். "ஆறாம் வகுப்பில் இந்த ஆண்டு சேர்ந்தவர்கள், இடையில் வந்தவர்கள், இடையில் போனவர்கள் எல்லோரும்" என்று அழைப்பின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய செட்டுகளுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. 1978-ல் மேல்நிலைக் கல்வி வருவதற்கு முன்பு பள்ளியிறுதி என்பது 11-ம் வகுப்பு. அந்த மாற்றத்தின் ஓரத்தில் படித்தவர்களிடம் "நீ பத்தா, பதினொன்றா, எந்த செட்?" என்று ஆரம்பித்தால் குழப்பம் ஓயாது. சேர்ந்த ஆண்டு எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஆட்களைத் தேடுவதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். குரூப் போட்டோவிலிருந்து தொடங்கலாம். யாராவது ஒருவர் வீட்டுச் சுவரில் அது கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும். கடற்கரை ஈரத்தில் பழைய பிரின்ட் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். அதைப் பிரிக்க முயன்றால் முகங்கள் உரிந்து கண்ணாடியில் தங்கிவிடும். சட்டத்தைக் கழற்றாமல், ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், உங்கள் நிழலும் விழாதபடி படம் எடுங்கள். தனியாகக் கிடைக்கும் பிரின்ட்டை ஜெராக்ஸ் கடையில் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு முகத்தின் மேலும் ஓர் எண் போட்டு, அந்தப் படத்தைச் சுற்றுக்கு விடுங்கள். "பின் வரிசையில் இடமிருந்து மூன்றாவது யார்?" என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கமாகச் சொல்வார்கள். "17 யார்?" என்று கேட்டால் பதில் வரும். ஒரு பெயரை இருவர் தனித்தனியாகச் சொன்னால் மட்டும் பட்டியலில் ஏற்றுங்கள். நாற்பது ஆண்டு பழைய நினைவு உறுதியாகப் பேசும், உறுதியாகத் தவறாகவும் பேசும்.

குரூப் போட்டோவை மட்டும் நம்பக் கூடாது. அன்றைக்குப் பள்ளிக்கு வராதவர்கள், சட்டை சரியில்லை என்று ஒளிந்துகொண்டவர்கள் அதில் இல்லை. மாணவர் சேர்க்கைப் பதிவேடு பள்ளியில் நிரந்தரமாக இருக்க வேண்டிய ஆவணம். வருகைப் பதிவேடுகளை அப்படிப் பல ஆண்டுகள் வைத்திருப்பதில்லை. தலைமையாசிரியரிடம் சேர்க்கைப் பதிவேட்டை வாங்கிப் படமெடுக்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். அதில் சாதி, முகவரி, பெற்றோர் தொழில் எல்லாம் இருக்கும், அதை அவர் யாருக்கும் காட்டக் கூடாது. உங்கள் பட்டியலை எடுத்துப் போய், விட்டுப்போன பெயர்களை மட்டும் அலுவலக உதவியாளர் வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் உதவுவார்கள்.

ஒரே பெயரில் நான்கு குமார்கள் இருப்பார்கள். இனிஷியலை நம்பிப் பிரிப்பதை விடப் பட்டப்பெயரும் தெருவும் வேகமாகப் பிரித்துக் கொடுக்கும். பட்டியலில் இனிஷியலோடு பெயர், பட்டப்பெயர், பிரிவு, அந்தக் காலத் தெரு, அப்பா வேலை செய்த இடம் என்று ஐந்து கட்டங்கள் போடுங்கள். ஐந்தாவது கட்டம் வடசென்னையில் மிகவும் பயன்படும். இங்கே குடும்பங்கள் ஆலையைச் சுற்றி வாழ்ந்தன. பெரம்பூர் பின்னி மில், ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, எண்ணூர் அசோக் லேலண்ட், திருவொற்றியூர் விம்கோ, என்ஃபீல்ட், எம்ஆர்எஃப், துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை என்று எந்தக் கேட்டில் அப்பா நுழைந்தார் என்பது தெரிந்தால், ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் வழியாக மகனைப் பிடித்துவிடலாம். பின்னி மில் 1996-ல் மூடியபோது இடம் மாறிப் போன குடும்பங்கள் உண்டு. ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அப்பாவின் மாற்றலோடு போயிருப்பார்கள். அவர்களுக்குத் தொழிற்சங்க அலுவலகமே நல்ல வழி.

குடிசைப் பகுதிகளிலிருந்து வந்தவர்களைப் பழைய தெருவில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் மறுமுனைக்கு மாற்றப்பட்டவர்கள் நிறைய. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குப்பங்களிலிருந்து செம்மஞ்சேரிக்குப் போன குடும்பங்களும் இருக்கின்றன. ஒருவரைக் கண்டுபிடித்தால் போதும், அதே பிளாக்கில் இன்னும் மூவர் இருப்பார்கள், ஏனென்றால் ஒரு தெருவையே சேர்த்துத்தான் பல இடங்களில் மாற்றினார்கள். பேஸ்புக்கில் தேடிக் கிடைக்காதவர்கள் இவர்கள்தான். நேரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வருவது ஒன்றே வழி.

பெண்களைத் தேடும்போது கூடுதல் கவனம் வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும். அம்மா வீடு அதே தெருவில் இருந்தால் அங்கே ஒரு பெண் தோழி போய்க் கேட்பதுதான் சரி. ஆண்கள் குழுவாகப் போய் விசாரித்து, எண்ணை வாங்கி, நேராக வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவதால் வீட்டில் பேச்சு கிளம்பி, வர நினைத்தவரும் வராமல் போன கதைகள் உண்டு. யாரையும் கேட்காமல் குழுவில் சேர்க்காதீர்கள். முதலில் பெண்களுக்கு ஒரு தனிக் குழு அமையட்டும், அவர்களில் இருவர் ஏற்பாட்டுக் குழுவில் இருக்கட்டும். அழைப்பிதழில் அவர்களுடைய எண்ணும் இருந்தால் கணவரும் பிள்ளைகளும் "போயிட்டு வா" என்பார்கள்.

இறந்துபோனவர்கள் பட்டியலும் ஒன்று தானாகவே உருவாகும். அதைக் கேள்விப்பட்டதை வைத்து எழுதவே கூடாது. குடும்பத்தில் ஒருவரிடம் பேசி உறுதி செய்த பிறகே பெயரைச் சேர்க்க வேண்டும். அப்படிப் பேசும்போதே, அவருடைய மனைவியோ பிள்ளையோ அன்று வர விரும்புகிறார்களா என்றும் கேளுங்கள். பிள்ளைகள் வருவார்கள். அப்பா எந்த பெஞ்சில் உட்கார்ந்தார் என்று கேட்பார்கள். அதற்கு ஒருவர் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

தேதியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஞாயிறு காலை 10 மணி என்று யோசிக்காமல் போடுவார்கள். அலுவலகம் போகிறவருக்கு அது சரி. காசிமேட்டில் மீன் விற்பவருக்கும், கறிக்கடை வைத்திருப்பவருக்கும், ஹோட்டலில் நிற்பவருக்கும் வாரத்திலேயே அதிகம் சம்பாதிக்கும் நேரம் அது. பெண்களுக்கோ வீட்டில் ஞாயிற்றுக் கறிச் சமையல். ஞாயிறு பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி இரவு 8-க்குள் முடித்தால் இவர்கள் எல்லோராலும் வர முடியும். கடலோரப் பள்ளிகளில் பிற்பகலில் கடல்காற்றும் வந்துவிடும், அஸ்பெஸ்டாஸ் கூரை மண்டபத்தில்கூட உட்கார முடியும்.

விசைப்படகில் போகிறவர்கள் ஒரு தடவை கிளம்பினால் நாள்கணக்கில் கரைக்கு வரமாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்தக் காலத்தில் அவர்கள் கரையில் இருப்பார்கள், மே மாதத்தில் பள்ளியும் விடுமுறையில் இருக்கும். ஆனால் அதே காலம் அவர்கள் வீட்டில் பணம் இறுகிப்போகும் காலம். தேதியை மே மாதத்தில் வைத்துவிட்டு, அவர்களிடம் பங்குத் தொகையும் எதிர்பார்ப்பது தகாது.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முடியும் வரை வடகிழக்குப் பருவமழை; கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் ஒரு இரவு மழைக்கே தண்ணீர் நிற்கும். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு மையம். தேர்தல் அறிவித்துவிட்டால் பள்ளி வாக்குச்சாவடி. ரம்ஜான் நோன்பு மாதத்தில் பிற்பகல் விருந்து வைத்தால் ராயபுரம், மண்ணடித் தோழர்கள் பாதிப்பேர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். பள்ளி வளாகம் கிடைக்காமல் வெளியே கல்யாண மண்டபம் பார்ப்பதாக இருந்தால் ஆடி மாதம் நல்லது, முகூர்த்தம் இல்லாததால் வாடகையில் பேரம் படியும். ஆனால் அம்மன் கோயில் கூழ் வார்க்கும் ஞாயிறு உங்கள் தெருவில் எது என்று விசாரித்துவிட்டுத் தேதி வையுங்கள்.

அனுமதி கேட்கும் முன் பள்ளி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் படித்தபோது இருந்த நிர்வாகமே இன்றும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. மாநகராட்சிப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் சம்மதித்தாலும் அவர் மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கும். அதற்காக ஒன்றரை மாதமாவது முன்னதாக எழுத்தில் கொடுங்கள். உதவி பெறும் பள்ளியில் தாளாளர் முடிவு செய்வார். கடிதத்தில் தேதி, நேரம், எத்தனை பேர், எந்த மண்டபம், எந்த வகுப்பறைகள், சமைக்கப்போவதில்லை, பட்டாசும் டிஜிட்டல் பேனரும் இல்லை, மது இல்லை, முடிந்ததும் சுத்தம் செய்து தருவோம் என்று தெளிவாக எழுதுங்கள். இந்தக் கடைசி நான்கும்தான் ஒரு தலைமையாசிரியர் உள்ளுக்குள் பயப்படும் விஷயங்கள். அவர் கேட்கும் முன்பே எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பள்ளி நடக்கும் நாளில் போகவே வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வளாகத்தில் ஐம்பது பெரியவர்கள் செல்போனோடு சுற்றுவது நல்லதல்ல.

விடுமுறை நாளில் பள்ளியில் எது இருக்காது என்பதையும் யோசிக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் இருக்காது. கழிவறை பூட்டியிருக்கும். மோட்டார் சாவி ஒருவரிடம், மின் பெட்டிச் சாவி வேறொருவரிடம் இருக்கும். முந்தைய நாளே வாட்ச்மேனோடு நின்று மோட்டார் போட்டு, கழிவறைகளைத் திறந்து, ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். தூய்மைப் பணியாளருக்கு அன்றைய கூலியைத் தனியாகக் கொடுத்து வரச் சொல்லுங்கள், "பார்த்துச் செய்வோம்" என்று விடாதீர்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் சிறு பிள்ளைகளின் பெஞ்சில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்கு எடுங்கள். நிகழ்ச்சியைத் தரைத்தளத்திலேயே வையுங்கள். பழைய வகுப்பறை மாடியில் இருந்தால், ஏற முடிந்தவர்கள் ஏறிப் பார்க்கட்டும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அங்கிருந்து வீடியோ காலில் காட்டலாம்.

வழி சொல்லும்போது மெட்ரோவைச் சொல்லுங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை ரயில் ஓடுகிறது. தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்று பெரும்பாலான பள்ளிகளுக்கு ஷேர் ஆட்டோ தூரத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. இருபது ஆண்டாக ஊர்ப்பக்கமே வராதவர்களுக்கு இது தெரியாது. கார் எடுத்துக்கொண்டு எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வார்கள், அல்லது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்பார்கள். மாநகராட்சிப் பள்ளியின் பெயர்ப்பலகையும் மாறியிருக்கலாம், "சென்னை உயர்நிலைப் பள்ளி", "சென்னை மேல்நிலைப் பள்ளி" என்றிருக்கும். ஆகவே லொகேஷனை அனுப்புங்கள்.

பணம். எல்லோருக்கும் ஒரே தொகை என்று வைத்துக் குழுவில் அறிவித்தால், கொடுக்க முடியாதவர் காரணம் சொல்லமாட்டார், "வேலை இருக்கு" என்று மட்டும் சொல்லுவார். மொத்தச் செலவை முதலில் வசதியுள்ள ஆறேழு பேர் தங்களுக்குள் ஏற்றுக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு "விருப்பமானதை விருப்பமானபோது" என்று ஒரே ஒரு முறை சொன்னால் போதும். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலைக் குழுவில் போடவே கூடாது. செலவுக் கணக்கை மட்டும் ரூபாய் சுத்தமாக, பில்லோடு போடுங்கள். வரவின் மொத்தம் தெரியட்டும், பெயர்கள் தெரிய வேண்டாம். ஒருவருடைய ஜிபே-யில் பணம் வாங்கினால் வேறு இருவர் வாரம் ஒரு முறை அதைச் சரிபார்க்க வேண்டும். ஒரே நிறச் சட்டை, ஒரே நிறப் புடவை என்ற யோசனை எப்படியும் வரும். அதற்கும் மறுப்புச் சொல்லிவிடுங்கள், அதுவும் ஒரு கட்டணம்தான்.

சாப்பாட்டுக்குக் கணக்கு எளிது. பாய் பிரியாணி என்றால் ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ கறிக்கு எட்டுப் பேர். ஐம்பது வயதைத் தாண்டிய செட்டு என்றால் பத்துப் பேர் வரை வரும். கடைசி வாரத்தில் வருகிறேன் என்று சொன்னவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் வராமல் போகலாம், சொல்லாதவர் சிலர் வருவார்கள். எழுபது பேர் சொன்னால் ஆறு கிலோ போதும். சைவம் எத்தனை என்று முன்பே கேட்டு, அதைத் தனியாக, தனிக் கரண்டியோடு வையுங்கள். குடிநீர் 20 லிட்டர் கேன் ஏழு, மே மாதம் என்றால் பத்து. வந்ததும் டீ, பஜ்ஜி. டீயில் பாதி சர்க்கரை இல்லாமல். இரவுச் சாப்பாடு 7 மணிக்குத் தொடங்கியாக வேண்டும். மாத்திரை போடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் பாதிப்பேர் இருப்பார்கள், கேட்கக் கூச்சப்பட்டுப் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள்.

வாசலில் பெயர் அட்டை கட்டாயம். பெயரும் பட்டப்பெயரும் பிரிவும் மட்டும், இரண்டு விரல் உயர எழுத்தில். பதவி வேண்டாம். படிப்பும் வேண்டாம். பட்டப்பெயர் உருவத்தையோ நிறத்தையோ சாதியையோ குத்துவதாக இருந்தால் அதைப் போடாதீர்கள். பள்ளியில் சிரித்துவிட்டுப் போனவருக்கு அது இன்னும் வலிக்கலாம். வாசலில் நிற்கும் இருவர் முகம் பார்த்துப் பேசத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும், தயங்கி நிற்பவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவருவது அவர்கள் பொறுப்பு.

ஒவ்வொருவராக மேடையேறி அறிமுகம் என்றால் அறுபது பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம், அதுவே இரண்டு மணி நேரம். உண்மையில் மூன்றாகும். அதை விட மோசமானது, முதல் ஆள் "நான் இப்போ இந்த கம்பெனியில் மேனேஜர்" என்று ஆரம்பித்துவிட்டால் அடுத்தவர்கள் எல்லோரும் அதையே பின்பற்றுவார்கள், சொல்ல வேலை இல்லாதவர் எழுந்து வெளியே டீ குடிக்கப் போய்விடுவார். மேடை அறிமுகத்தை விட்டுவிடுங்கள். பழைய பிரிவுப்படி ஏ, பி, சி என்று நாற்காலிகளை வட்டமாகப் போட்டு முக்கால் மணி நேரம் பேச விடுங்கள். வட்டத்துக்கு ஒரு கேள்வி கொடுக்கலாம்: பள்ளியில் உனக்கு யார் உதவினார்கள்? சோற்றுத் தட்டு, நோட்டுப் புத்தகம், கணக்குப் பாடம் என்று பேச்சு தானாக வரும். படிப்பை நிறுத்தியவரிடமும் இதற்கு நிறையப் பதில் இருக்கும்.

ஆசிரியர்களைப் போனில் கூப்பிட்டால் போதாது. இருவர் வீட்டுக்குப் போய், அவர் உடல்நிலையையும் யார் கூட வருவார்கள் என்பதையும் கேட்டு, வண்டி அனுப்புவோம் என்று சொல்ல வேண்டும். அவர்களுக்கான நிகழ்ச்சி முதல் ஒரு மணி நேரத்திலேயே முடியட்டும். எண்பது வயதுக்காரரை மூன்று மணி நேரம் மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடைகளால் மூடுவது மரியாதையாகாது. ஒரு பொன்னாடை போதும். சத்துணவு ஆயா, வாட்ச்மேன், மணி அடித்தவர் இருந்தால் அவர்களுக்கும் அதே நாற்காலி, அதே பொன்னாடை.

பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு சாப்பாட்டு நேரத்தில் கிளம்பும், மைக்கில் தொகைகள் அறிவிக்கப்படும், பாதி வந்து சேராது. அன்றைக்கு எதையும் அறிவிக்காதீர்கள். இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியரிடம் தேவைப் பட்டியலை எழுதி வாங்குங்கள். ஆர்ஓ இயந்திரம் கொடுக்க எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். கடலோர நிலத்தடி உப்புத் தண்ணீரில் வடிகட்டிகளை ஓராண்டுக்குள்ளும், மெம்பிரேனை இரண்டு மூன்று ஆண்டிலும் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவை யார் ஏற்பது என்று முடிவு செய்யாமல் வாங்கிக் கொடுத்தால், மூன்றாவது ஆண்டில் அதன் மேல் சாக்பீஸ் பெட்டி வைத்திருப்பார்கள். இரும்பு பெஞ்ச், இரும்பு பீரோ உப்புக் காற்றில் அரித்துப்போகும். பெயர் பொறித்த பொருளை விட, கழிவறையைச் சுத்தம் செய்பவருக்கு மாதக் கூலி, பெண் பிள்ளைகளுக்கு நாப்கின், பத்தாம் வகுப்பு மாலை வகுப்புக்குச் சுண்டல் இவை அதிகம் பயன்படும். அரசுப் பள்ளிகளுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தின் இணையதளம் வழியாகப் பணம் கொடுத்து ரசீது வாங்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் முன்னாள் மாணவர்களுக்கு இடம் உண்டு. அந்தத் தெருவிலேயே இன்னும் வசிக்கும் ஒருவர் அதில் சேர்ந்தால், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை விட அது பலமானது. தொடர்ந்து பணம் திரட்டப் போகிறீர்கள் என்றால் சங்கமாகப் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் குறைந்தது ஏழு பேர் வேண்டும்.

முடிந்த பிறகு குழுவை என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவையுங்கள். கட்சி, சாதி, சீட்டு, பங்குச்சந்தை டிப்ஸ், கடன் கேட்பது இவை குழுவில் கூடாது என்று விதி வேண்டும். உதவி தேவைப்படுகிறவர் யாரிடம் தனியாகச் சொல்லலாம் என்று இரண்டு பெயர்களும் வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மறு வாரத்திலேயே, வராமல் போனவர்களில் ஆளுக்கு மூன்று பேரைப் பிரித்துக்கொண்டு கூப்பிடுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காமல், யார் யார் அவரை விசாரித்தார்கள் என்று சொல்லுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்குக் குரூப் போட்டோவை எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் பிரின்ட் போட்டு, அருகில் இருப்பவர் கையில் கொடுத்தனுப்புங்கள். அதற்கான காசை முதல் பட்ஜெட்டிலேயே ஒதுக்கியிருக்க வேண்டும்.